மாளிகையின் குசினி எங்கே?



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நானுஓயாப் பாதையில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். கொழும்பிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் நம் குடும்பங்கள் குளிரையும் தேயிலை மலைகளையும் பார்க்க வருகின்றன. பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைகளோ இப்போது வேறொன்று கேட்கிறார்கள். "படத்தில் வருகிறதே, அந்த மாதிரிப் பழைய மாளிகை இங்கே எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். கைத்தொலைபேசியில் பார்த்த ஆங்கிலத் தொடரின் மாளிகை அவர்கள் மனதில் குடியேறியிருக்கிறது.

"பெண் பிள்ளைகள் மூன்று பேரும் இதே பிடிவாதமாக இருக்கிறார்கள். இது வீண் செலவா, போகலாமா?" என்று ஒரு தாய் கேட்டார். இந்தக் கேள்வி பல வீடுகளிலும் இருக்கும் என்பதால் பதிலை இம்மாதப் பக்கத்தில் எழுதுகிறேன்.

சினிமா பார்ப்பது சரியா, தவறா என்ற விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. படம் இன்று நாம் அழைக்காமலே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிள்ளை அந்த இடத்தை நேரில் காண ஆசைப்படுகிறது. ஆசையில் குற்றமில்லை. பூமியில் பயணம் செய்து, முன்பு வாழ்ந்தவர்களின் கதி என்னவாயிற்று என்று பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஆகவே கூட்டிப் போங்கள். ஆனால் மாளிகை வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகள் கேட்பதற்கு ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். "இந்த வீட்டின் குசினி எங்கே?" என்பதே அந்தக் கேள்வி.

ஏன் இதைக் கேட்க வேண்டும்? உலகம் முழுவதும் பெண்கள் விரும்பிப் பார்த்த ஒரு தொடரை எடுத்துக் கொள்வோம்.

மேல்மாடி நிஜம், அடுப்படி போலி

'டவுன்டன் ஆபி' என்ற ஆங்கிலத் தொடர் 2010 முதல் 2015 வரை ஓடியது. பிறகு திரைப்படங்களாகவும் வந்தது. 1912ஆம் ஆண்டில் தொடங்கும் கதை. ஒரு பிரபுவின் குடும்பம் மேல்மாடியில் வாழ்கிறது. அவர்களுக்குப் பணி செய்யும் சமையற்காரியும் வேலைக்காரர்களும் கீழ்த்தளத்தில் வாழ்கிறார்கள். இதில் வரும் மாளிகை இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஹைகிளியர் மாளிகை. கார்னர்வன் பிரபுக்களின் பரம்பரை வீடு அது. 1922இல் எகிப்தில் தூத்தன்காமன் என்னும் ஃபிர்அவ்னின் கல்லறையைத் திறந்த அகழ்வுக்குப் பணம் கொடுத்தவர் இந்த வீட்டின் ஐந்தாம் பிரபுதான்.

தொடரில் காணும் பெரிய மண்டபம், நூலக அறை, மாடிப்படி யாவும் அந்த வீட்டிலேயே படமாக்கப்பட்டவை. ஆனால் குசினி மட்டும் அங்கே எடுக்கப்படவில்லை. மாளிகையின் பழைய சமையற்கட்டு காலத்தோடு மாற்றியமைக்கப்பட்டு விட்டதால், வேலைக்காரர்களின் கீழ்த்தளம் முழுவதையும் லண்டனில் உள்ள ஈலிங் ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்தார்கள்.

எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! பிரபு அமர்ந்த நாற்காலி நூறு வருடங்களாகத் துடைத்துப் பாதுகாக்கப்படுகிறது. அவருக்குச் சோறு சமைத்த பெண் நின்ற இடம் இல்லாமற் போய்விட்டது. அதைக் காட்ட அட்டையும் பலகையும் கொண்டு புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. குசினியை எல்லா வீட்டிலும் காலத்துக்கேற்ப மாற்றுகிறோம். முன் விறாந்தையை அப்படியே வைக்கிறோம். ஆனால் மாளிகையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அந்தக் காலம் என்றால் முன் விறாந்தை மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது.

படப்பிடிப்பினால் நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இத்தகைய பெரிய வீடுகளின் கூரையைப் பழுதுபார்க்கவே பெரும் பணம் வேண்டும். ஹைகிளியரிலும் மழைநீர் இறங்கிப் பல அறைகள் பாழாகியிருந்தன. தொடரைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் நுழைவுக் கட்டணம் அந்த வீட்டைக் காத்தது. பார்க்க வருபவர் இருந்தால்தான் பழையது நிற்கும்.

கெண்ட் மாவட்டத்துக் கோட்டையும் நம் அப்புத்தளையும்

இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், குளத்தின் நடுவே லீட்ஸ் கோட்டை நிற்கிறது. 1949இல் வெளிவந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரனெட்ஸ்' படத்தில் வரும் கோட்டை இதுதான். ஒரு பிரபுப் பட்டத்துக்காக, தனக்கு முன்னே வரிசையில் நிற்கும் உறவினரை ஒருவன் ஒவ்வொருவராக ஒழித்துக்கட்டும் கதை. அந்த உறவினர் எட்டுப் பேராகவும் அலெக் கின்னஸ் என்ற ஒரே நடிகர் நடித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அவர் நம் மலைக்கும் வரப் போகிறார்.

அந்த லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டு கட்டியது என்று சொல்லப்படும் மாளிகை நம் மலையிலேயே இருக்கிறது. நானுஓயாவிலிருந்து பதுளைப் பக்கம் போகும் ரயில் பாதையில் அம்பேவலை, பட்டிப்பொளை, ஒகியா தாண்டினால் அப்புத்தளை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் அடிஷம் மாளிகை. சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டி முடித்தார். அவர் 1887இல் இலங்கைக்கு வந்து, தோட்டத் துறையில் வேலை பழகி, பிறகு கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானவர். கெண்ட் மாவட்டத்தில் தாம் பிறந்த ஊரின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். சுவருக்குக் கருங்கல், கதவுக்கும் படிக்கும் தரைக்கும் பர்மாத் தேக்கு.

1960களின் தொடக்கத்தில் அந்த வீடு பெனடிக்ட் சபைக் கிறிஸ்தவத் துறவிகளின் மடமாயிற்று. பழைய வரவேற்பறையையும் நூலக அறையையும் அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் விளையும் பழங்களில் ஜாமும் ஜெலியும் செய்து விற்கிறார்கள். வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் பார்வையாளரை அனுமதிக்கும் வழக்கம். அங்கே போகும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இன்னொரு மார்க்கத்தாரின் வணக்கத்தலம். பிள்ளைகளைக் கத்த விடாதீர்கள். மலர்ச்செடிகளுக்குள் புகுந்து படம் எடுக்காதீர்கள். நம் பள்ளிவாசலுக்கு வருபவரிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கை அங்கே நாமும் காட்ட வேண்டும்.

2025 நவம்பர் புயலில் மலையகத்து ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. ஆகவே ரயிலில் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

யானைப் பாதையில் ஒரு பங்களா

தேயிலைத் தோட்டத்துப் பங்களாவையே கதையாக்கிய படம் ஒன்றும் உண்டு. 1954இல் வெளிவந்த 'எலிஃபண்ட் வாக்'. இலங்கைத் தோட்டத் துரை ஒருவர் இங்கிலாந்திலிருந்து புதுமணப் பெண்ணை அழைத்து வருகிறார். யானைகளின் பழைய நடைபாதையை மறித்துக் கட்டிய பங்களா அது. துரைசாணிக்கு அந்த வீடு சிறையாகத் தெரிகிறது. தோட்டத்தில் வாந்திபேதி பரவுகிறது. கடைசியில் யானைகள் வந்து பங்களாவை நொறுக்கித் தள்ளுகின்றன.

1953இல் படக்குழு இலங்கைக்கு வந்தபோது விவியன் லீ என்ற புகழ்பெற்ற நடிகை கதாநாயகியாக இருந்தார். அவர் மனநோயால் பாதிக்கப்பட்டு விலகவே, எலிசபெத் டெய்லர் அந்த இடத்துக்கு வந்தார். தூரத்தில் நடந்து போகும் சில காட்சிகளில் இன்றும் தெரிபவர் விவியன் லீதான். மலையும் கொழுந்தும் இலங்கையில் எடுத்தவை. பங்களாவின் உட்புறமோ ஹாலிவுட் ஸ்டுடியோவில் போட்ட செட். அந்தப் பங்களாவைத் தேடி வருபவர் அதை எந்த மலையிலும் காண மாட்டார்.

ஆனால் துரை பங்களா என்று ஒன்று நிஜமாகவே ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தது, இருக்கிறது. மேட்டின் உச்சியில், நாலு பக்கமும் பூந்தோட்டத்தோடு. ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள சில பழைய பங்களாக்கள் 2005 முதல் உல்லாச விடுதிகளாகி விட்டன. அதே தோட்டத்தில், மேட்டின் கீழே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் சிறு இஸ்தோப்பு. அதற்குள்ளே அடுப்பு, அதற்குள்ளே தொட்டில், அதற்குள்ளே வயதுக்கு வந்த பெண் பிள்ளை. பங்களாவின் கணப்பு அடுப்புக்கு விறகு சுமந்தவரும், துரைசாணியின் பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயாவும், குசினியில் நின்ற அப்புவும் கீழேயிருந்து மேலே போய் வந்தவர்கள்தான். 'எலிஃபண்ட் வாக்' படத்தில் அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாக நோயில் சாகிறார்கள். துரைசாணியின் துயரத்துக்குக் கதை இருக்கிறது. இவர்களின் துயரம் அதற்குப் பின்னணியாக நிற்கிறது.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். கோப்பிக் காலத்தில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்நாடு உங்களுடையதல்ல என்று சொன்னது. நானுஓயாவுக்கு 1885இல் ரயில் வந்தது. அந்த ரயில் ஏற்றிச் சென்ற தேயிலையைப் பறித்தவர்களின் குடும்பங்கள் பல இன்னும் லயத்திலேயே இருக்கின்றன. பங்களாவைப் பார்க்கப் போகும் வழியில் வலது பக்கமோ இடது பக்கமோ லயம் தெரியும். வாகனத்தின் கண்ணாடி வழியே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அதுவும்தான்.

கித்துல்கலைப் பாலத்தில் காணாமற் போனவர்கள்

நானுஓயாவிலிருந்து தலவாக்கலை, ஹட்டன் வழியாகக் கொழும்புக்கு இறங்கும் பாதையில் கித்துல்கலை வரும். அங்கே களனி கங்கையின் மேல்தான் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்துக்காக மரப்பாலம் கட்டினார்கள். இயக்குநர் டேவிட் லீன். 1957 மார்ச்சில் ரயிலோடு சேர்த்துப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துப் படமாக்கினார்கள். பாலத்தைக் கட்டும் பிரிட்டிஷ் அதிகாரியாக நடித்தவர், நாம் முன்னே கண்ட அதே அலெக் கின்னஸ். சிறந்த நடிகருக்கான விருது உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகள் அப்படத்துக்குக் கிடைத்தன. இன்றும் பயணிகள் ஆற்றங்கரையில் இறங்கி, பாலத்தின் கொங்கிரீட் அடித்தளத்தைப் பார்த்துப் போகிறார்கள். இது மாளிகை அல்லதான். ஆனால் குசினிக் கேள்வியை இங்கே கேட்டால் வரும் பதில் மற்றெல்லாவற்றையும் விடக் கனமானது.

படத்தின் கதை கற்பனை. அதன் பின்னால் உள்ள ரயில் பாதை நிஜம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942–43இல் ஒரே வருடத்தில் போட வைத்தார்கள். சுமார் 60,000 நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதில் உழைத்தார்கள். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். படம் காட்டுவது இவர்களை. இவர்களை விடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டு போகப்பட்ட தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவா முஸ்லிம்கள். மாண்டவர்கள் 90,000 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்துத் தமிழருக்குப் பெரும்பாலும் பெயர்ப் பதிவுகூட இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்ற நாவல் அந்த மக்களைப் பற்றியது.

பாலம் கட்டப்பட்ட கித்துல்கலையின் மேலே மலைகளில் யார் வாழ்ந்தார்கள்? மாண்டவர்களைப் போலவே தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் சந்ததிகள். அவர்களின் கண் முன்னே எடுத்த படத்தில், அவர்களைப் போன்றோரின் மரணம் இல்லை. அதைவிட வியப்பு இன்னொன்று. படத்தைப் பார்த்துவிட்டு 'க்வாய் நதி'யைத் தேடி உல்லாசப் பயணிகள் தாய்லாந்துக்கு வரத் தொடங்கியதும், பாலம் இருந்த ஆற்றுப் பகுதிக்கு 1960இல் க்வாய் என்ற பெயரையே வைத்துவிட்டார்கள். படம் ஓர் ஆற்றின் பெயரை மாற்றிவிடும் என்றால், நம் பிள்ளைகளின் மனதில் வரலாற்றை மாற்றுவது எவ்வளவு எளிது!

எல்லாப் படமும் அப்படியா?

இல்லை. நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைக் கொண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த 'கம்பெரலிய' 1963இல் வெளிவந்தது. ஸ்டுடியோவில் செட் போடாமல், தென்பகுதியில் உண்மையான ஒரு வளவுவிலேயே அதை எடுத்தார்கள். 1965இல் புதுடில்லி திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. பெருமைமிக்க வளவு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நொடித்துப் போகிறது. குலம் சரியில்லை என்று மகளுக்கு மறுக்கப்பட்ட மாப்பிள்ளையின் காசுதான் பின்னாளில் அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறது. வீட்டுப் பெருமைக்காகப் பெண் பிள்ளையின் மனதைப் பலியிடும் பழக்கம் நம் சமூகத்திலும் இல்லை என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

நம்மவர்களின் மாளிகைகளுக்கும் இதே அளவுகோல்தான். 1960இல் வந்த 'முகலே ஆஸம்' படத்தின் கண்ணாடி மாளிகையைக் கண்டு மயங்கியவர்கள் பலர். அது பம்பாய் ஸ்டுடியோவில் போட்ட செட். லாகூர் கோட்டையில் உள்ள, முகலாய மன்னர்கள் கட்டிய கண்ணாடி மண்டபத்தைப் பார்த்துச் செய்தது. அனார்கலியின் கதையும் அக்பர் காலத்து வரலாற்று நூல்களில் இல்லாதது. முஸ்லிம் மன்னரின் அரண்மனை என்பதற்காக அதன் கற்களைச் சுமந்தவர்களை மறந்துவிடலாமா? மறக்கக்கூடாது.

தாய்மார்கள் செய்யக் கூடியவை

பயணத்துக்கு முன், பிள்ளைகள் பார்த்த படத்தின் கதை எந்த வருடத்தில் நடக்கிறது, எங்கே எடுத்தார்கள், எது நிஜ வீடு, எது செட் என்று அவர்களையே தேடிச் சொல்ல வையுங்கள். தேடுவதில் அவர்களுக்கு விருப்பம் உண்டு.

மாளிகையில் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? இங்கே யார் சமைத்தார்கள், எங்கே உறங்கினார்கள்? இப்போது இதில் யார் இருக்கிறார்கள்? வழிகாட்டி பதில் சொல்லாவிட்டாலும் கேள்வி பிள்ளையின் மனதில் நிற்கும்.

திரும்பும் வழியில் தோட்டத்துக் கடையில் தேநீர் குடியுங்கள். கொழுந்துச் சாக்கோடு நிற்கும் தாயிடம் "எப்படியம்மா சுகம்?" என்று கேளுங்கள். அவரிடம் கேட்காமல் அவரைப் படம் எடுக்க விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன். மாளிகையின் குசினி எங்கே என்று கேட்டுப் பழகிய பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் நம் குசினியையும் பார்க்கும். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கொழும்புப் பக்கத்து வீடுகளுக்கு வேலைக்குப் போன சிறுமிகள் எத்தனையோ பேர். அவ்வீடுகளில் நம் வீடுகளும் உண்டு. அந்தச் சிறுமி எங்கே உறங்கினாள்? நம்மோடு அதே சோற்றைச் சாப்பிட்டாளா, அல்லது மிஞ்சியதையா? மறுபக்கம், நம் சகோதரிகளே எத்தனை பேர் வளைகுடா நாட்டு மாளிகைகளில் குசினிப் பக்கத்து அறையில் உறங்கி, பிள்ளைகளின் படிப்புக்குக் காசு அனுப்பினார்கள், இன்றும் அனுப்புகிறார்கள்! முன் விறாந்தையில் அமர்ந்த அனுபவமும் குசினியில் நின்ற அனுபவமும் நம் சமூகத்துக்கு இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியை மற்றவர்களை விட நாம் நன்றாகக் கேட்க முடியும். நம் வீட்டைப் பற்றிப் பிள்ளை அதைக் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். உண்மையான பதிலைச் சொல்லுங்கள். பதில் சொல்ல வெட்கமாக இருந்தால், அந்த நிலைமையை மாற்றிவிட்டுச் சொல்லுங்கள்.

பணியாளருக்கு உண்பதையும் உடுப்பதையும் தம்மைப் போலவே கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். பயணத்தில் கண்டதைப் பாடமாக்கிக் கொள்ளும் கண்ணையும், வீட்டில் நீதியாக நடக்கும் மனதையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.